ஏவல் வேலை வேறு, பொறுப்பு வேறு

கேள்வி: மகனுக்கு 14 வயது. விடியப்புறம் தகப்பனோடு தோட்டத்துக்குப் போய்த் தண்ணி மாறிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான். "படிக்கிற பிள்ளையைக் கெடுக்கிறாய்" என்று என் அண்ணர் ஏசுகிறார். இவரோ, "அப்பத்தான் பொறுப்பு வரும்" என்கிறார். யார் சொல்வது சரி? (ஒரு தாய், உரும்பிராய்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை அம்மா.

முதலில் உங்கள் கணவர். தண்ணி மாறுவது லேசான வேலை இல்லை. தண்ணி இறைக்கிற மெசின் ஓடத் தொடங்கினால் வாய்க்கால் தண்ணி யாருக்காகவும் நிற்காது, ஒரு பாத்தி நிரம்பி வரும்போதே அதன் வாயை மண் போட்டு அடைத்து அடுத்ததை வெட்டிவிட வேண்டும், கொஞ்சம் பராக்குப் பார்த்தாலும் வரம்பு உடைந்துவிடும். அது அவனுக்குக் கைவந்திருக்கும், சந்தோஷம். ஆனால் இன்றைக்கு இறைக்க வேண்டுமா, நாளைக்கு விடலாமா என்று அவனை ஒருநாளாவது கேட்டதுண்டா? வருடம் முழுக்க ஓடுகிற ஆறு யாழ்ப்பாணத்தில் நமக்குக் கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம், அளவு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். மெசினை எப்போது நிறுத்துவது என்று யோசிக்க விடாதவரை அவன் செய்வது வெறும் ஏவல் வேலைதான்.

எனக்கு 13 வயதில் அப்பா பத்துப் பாத்தி வெங்காயத்தை என் பொறுப்பில் விட்டார். விதை வெங்காயக் காசைக் கொப்பியில் என் பேரில் கடனாக எழுதினார். வெங்காயத்தைக் கிண்டி எடுக்கிற நேரம் வந்தும், விலை இன்னும் ஏறட்டும் என்று நான் நாலைந்து நாள் பிந்தினேன். மழை பிடித்தது. பாதி அழுகிப்போச்சு. அப்பா ஏசவில்லை, மிஞ்சியதைப் பிடி கட்டிச் சைக்கிளில் வைத்து என்னையே சந்தைக்கு அனுப்பினார். அங்கே 40 கிலோவுக்கு 4 கிலோவைக் கழிவு என்று வெட்டினார்கள் (அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்). வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் விதைக்காசுகூடத் தேறவில்லை. அந்தக் கடனை அடுத்த போகத்தில்தான் அடைத்தேன். இன்றைக்கும் கிண்டுகிற பருவத்தில் வெங்காயத்தாள் சாய்ந்து கிடப்பதைக் கண்டால் என் கண் தானாக வானத்தைப் பார்க்கும்.

உங்கள் மகனுக்கும் பத்துப் பாத்தி கொடுக்கச் சொல்லுங்கள். என்ன நடுவது, எப்போது கிண்டுவது, எல்லாம் அவன் முடிவு. நட்டம் வந்தால் தகப்பன் காசு போட்டு மூடக்கூடாது, லாபம் வந்தால் வாங்கிக்கொள்ளவும் கூடாது.

அப்புறம் அண்ணர். மண்வெட்டி பிடித்தால் படிப்புக் கெடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். வகுப்பில் தூங்கி விழுந்தால் கெடும், அது வேறு. 16 வயது வரை பள்ளிக்கூடம் போவது சட்டப்படி கட்டாயம், சாதாரணதரப் பரீட்சையும் கிட்ட வருகிறது. ஆகவே வெங்காயம் கிண்டுகிற நாளானாலும் ஒரு பாடமும் தவறக்கூடாது. இறைப்பைப் பின்னேரத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், பெடியன் விடியப்புறம் நித்திரை கொள்ளட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து அடிக்கிற மெசினை அவன் முதுகில் ஏற்றவே கூடாது. மருந்து கலக்கிற வாளிக்குப் பக்கத்திலும் அவன் வரக்கூடாது, மருந்தடித்த அன்றைக்கு அந்தப் பாத்திக்குள் கால் வைக்கவும் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் கணவரோடு சண்டை பிடிக்க வேண்டி வந்தாலும் பிடியுங்கள்.