லீஸ் காருக்குப் பனிக்கால டயர் தேவையா?

கேள்வி: என் மகன் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வேலை பார்க்கிறான். சென்ற ஆகஸ்டில் மூன்று ஆண்டு லீஸில் புதுக் கார் எடுத்தான். இப்போது பனிக்காலத்துக்கென்று நான்கு டயர்களும், அவற்றுக்குத் தனியாக நான்கு வீல்களும் வாங்க வேண்டும் என்று பணம் கேட்கிறான். காரில் புது டயர்களே இருக்கும்போது, அதுவும் திருப்பிக் கொடுக்கப்போகிற காருக்கு, இத்தனை செலவு எதற்கு? கார் கொடுத்தவர்கள் அவன் தலையில் கட்டுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் மகன் கேட்பது நியாயமான செலவுதான், ஐயா. மாண்ட்ரியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களில் பனிக்கால டயர்கள் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம் உண்டு. லீஸ் கார் என்பதற்காக இதில் சலுகை கிடையாது.

புது டயர் இருக்கும்போது எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு விடை ரப்பரில் இருக்கிறது. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகி, வெயிலில் வைத்தால்தான் இளகும் என்பது நம் வீடுகளில் பழகிய காட்சி. சாதாரண டயரின் ரப்பர் அப்படி உறைவதில்லை என்றாலும், வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் விறைத்துக்கொண்டு, சாலையைப் பற்றும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. பட்டன் (சாலையில் படும், பள்ளமும் மேடுமான டயர்ப் பரப்பு) எவ்வளவு புதிதாக இருந்தாலும் இது மாறாது. பனிக்கால டயரின் ரப்பர், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் நெகிழ்ந்து கொடுக்கும்படி கலக்கப்படுகிறது. அதன் பட்டன் கட்டைகளை உற்றுப் பார்த்தால், பிளேடால் கீறியதுபோல வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய பிளவுகள் நிறைய இருக்கும். பனியைக் கவ்வுவது அந்தப் பிளவுகளின் விளிம்புகள்தான். பனிக்கால டயர்களை முன்னால் மட்டும் இரண்டு போட்டுச் சமாளிக்க நினைத்தால், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சறுக்கி வண்டியே சுற்றிவிடக்கூடும். ஆகவே நான்கும் மாற வேண்டும்.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அங்குள்ள சட்டத்துக்குப் போதாது. தயாரிப்புத் தேதியும் அதே பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும். 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் என்று பொருள்.

இனி, உங்களுக்கு அதிகம் உறுத்தும் தனி வீல்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே வீலில் டயரை மட்டும் மாற்றுவதென்றால், ஆண்டுக்கு இரண்டு முறை வீதம் மூன்று ஆண்டில் ஆறு முறை ரிம்மிலிருந்து டயரைப் பிரித்துப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கூலியும் பேலன்சிங் செலவும் சேரும், நெம்புகோல் பட்டு அலாய் விளிம்பில் கீறல் விழவும் கூடும். அந்தக் கீறலுக்கு, காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் லீஸ் நிறுவனம் தனியாகக் காசு கேட்கும். மேலும், பனியைக் கரைக்க அங்கே சாலை முழுவதும் உப்புத் தூவுகிறார்கள். தனி வீல்கள் இருந்தால் அந்த உப்பின் பாதிப்பு, புதிதாக வாங்கிய ஸ்டீல் ரிம்முடன் போய்விடும், லீஸ் காரின் சொந்த அலாய் வீல்கள் பத்திரமாக உள்ளே இருக்கும். இந்தக் காரணத்தால், லீஸ் காருக்குத் தனி வீல்கள் சொந்தக் காரைவிட அதிகம் தேவை என்றே நான் கருதுகிறேன்.

விலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. காரில் 225/45 ஆர்17 டயர் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம் (225 என்பது மில்லிமீட்டரில் அகலம், 45 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம், 17 என்பது அங்குலத்தில் ரிம் அளவு). 205/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் அதனுடன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அளவே வேறுபடுகிறது, ஆனால் விலை பொதுவாகக் குறைவு, குறுகலாக இருப்பதால் பனியிலும் நன்றாக இறங்கிப் பிடிக்கும். ஆனால் எல்லாக் கார்களுக்கும் இது பொருந்தாது: சிறிய ரிம், வீலுக்குள் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கலாம். ஆகவே கார் நிறுவனம் அனுமதித்த அளவுகளைக் கேட்டு, போல்ட் துளைகளின் இடைவெளி, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் விலகியிருக்கும் தூரம்), நடுத்துளை ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். காற்றழுத்தம் காட்டும் சென்சார் வீலுக்குள் இருக்கும் காரானால், புது வீல்களில் அது இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். வீல் மாற்றிய பிறகு சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை மீண்டும் முறுக்கிப் பார்ப்பது அவசியம்.

இப்போது கணக்குக்கு வருவோம். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பனிக்கால டயர் ஓடினால் ஆண்டுக்கு ஐந்து மாதம், மூன்று ஆண்டுக்கு 15 மாதம். 36 மாத லீஸில் அந்த 15 மாதமும் காருடன் வந்த டயர்கள் தேயாமல் ஓய்வில் இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது பட்டன் இத்தனை மில்லிமீட்டர் மீதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. தேய்ந்திருந்தால் புது டயருக்கான பணத்தை நம்மிடம் வாங்கிவிடுவார்கள். செலவில் ஒரு பகுதி இப்படித் திரும்ப வருகிறது. பனிக்கால டயரின் விலையை லீஸ் தவணையிலேயே சேர்த்துவிடலாம் என்று கார் கொடுத்தவர்கள் சொன்னால், வட்டி எவ்வளவு, கடைசியில் அவை யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் வாங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். தனி பில்லில், மகன் பெயரில் வாங்குவதே நல்லது. லீஸ் ஆகஸ்டில் முடிந்ததும் பழைய அலாய் வீல்களையும் டயர்களையும் பூட்டி ஒப்படைத்துவிட்டு, பனிக்கால வீல்களை அவசரப்பட்டு விற்காமல், தேவை கூடும் அக்டோபர் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். பட்டன் 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மட்டும், பனிச்சாலைக்கு அவை உதவாது என்பதால் விலை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: கம்பெனி மூலம் லீஸில் எடுத்த காரில் 15 அங்குல வீல்கள் உள்ளன. ஐப்பசி மழைக்கு முன் 17 அங்குல அலாய் வீலும் அகலமான டயரும் போடலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். கார் லீஸ் நிறுவனத்தின் உடைமை. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அளவை மாற்றினால் ஒப்பந்தத்திலும் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். அகலமான டயர் மழையில் கூடுதலாகப் பிடிக்கும் என்பதும் சரியல்ல. வாலாஜா பக்கம் நான்குவழிச் சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, அகலமான டயர்தான் சீக்கிரம் தண்ணீர்மேல் மிதக்கும். உங்களுக்குத் தேவை ஆழமான பட்டன். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதித்தாலும், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடாக இருக்கும் தேய்மானக் குறியை விரலால் தொட்டுப் பாருங்கள். பட்டனின் மேல்பரப்பு அதை நெருங்கியிருந்தால், அதே 15 அங்குலத்தில் புது டயர் கேட்டு லீஸ் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பராமரிப்பும் சேர்ந்த ஒப்பந்தமாக இருந்தால், டயர் மாற்றமும் அதற்குள் அடங்கியிருக்க வாய்ப்புண்டு.