நைஜல் நீல்: குவாட்டர்மாஸை எழுதியவர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இவர் யார்? பெயரை எப்படிச் சொல்வது?

பதில்: ‘நீல்’ என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு ‘கே’ எழுத்து இருக்கும், அதற்கு ஒலி கிடையாது. 1922-ல் பிறந்து மேன் தீவில் வளர்ந்தவர். சட்டம் படித்தார், அப்புறம் லண்டனில் நடிப்புப் பயிற்சி. சிறுகதைத் தொகுப்புக்கு 1950-ல் சாமர்செட் மாம் விருது வாங்கினார். அதன்பின் பிபிசிக்கு வந்து தொலைக்காட்சிக்கு எழுதத் தொடங்கினார். விண்கல விஞ்ஞானியான பேராசிரியர் குவாட்டர்மாஸ் இவர் படைத்த பாத்திரம். 2006-ல் காலமானார். பிரிட்டனில் அறிவியல் புனைவையும் திகிலையும் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கும் நாடகமாக்கியதில் இவர் பங்குதான் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: முதல் குவாட்டர்மாஸ் தொடரை முழுதாக எங்கே பார்க்கலாம்?

பதில்: எங்கும் பார்க்க முடியாது. 1953-ல் ஆறு பகுதிகளும் நேரலையாக நடித்து ஒளிபரப்பப்பட்டவை. திரையில் ஓடுவதைப் படச்சுருளில் பிடித்து வைத்தது முதல் இரண்டு பகுதிகளுக்கு மட்டும். தரம் சரியில்லை என்று அதோடு நிறுத்திவிட்டார்கள். மீதி நான்கு பகுதிகள் பதிவாகவே இல்லை. அதனால் ‘தொலைந்த பகுதிகள் கிடைத்துவிட்டன’ என்று யார் விற்க வந்தாலும் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: கடைசிப் பகுதியில் வரும் பூதம் வெறும் கையுறைதான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விண்ணுக்குப் போன மூவரில் ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான். அவனுக்குள் மற்ற இருவரும் கலந்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் செடி போன்ற ஒன்றாக மாறி, முடிவில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் படர்ந்து நிற்கிறான். இதைக் காட்டக் கையில் காசில்லை. நீலும், பின்னாளில் அவர் மனைவியான ஓவியர் ஜூடித் கெர்ரும் ஒரு ஜோடிக் கையுறையில் செடித் துணுக்குகளையும் தோல் துண்டுகளையும் ஒட்டினார்கள். தேவாலயத்தின் உட்புறப் புகைப்படத்தைப் பெரிதாக்கி அதில் ஓட்டை போட்டார்கள். நேரலையில் அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு விரல்களை அசைத்தவர் நீலேதான்.

அதே தேவாலயத்தில் அந்த ஜூன் மாதம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நடந்தது. நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. ஆகஸ்ட் மாதம் அதே பெட்டியில், அதே தூண்களுக்கிடையே, அசையும் அந்த விரல்கள்! முடிவு அதைவிட அருமை. குவாட்டர்மாஸ் துப்பாக்கி எடுப்பதில்லை. அந்த உருவத்துக்குள் கரைந்துபோன மூன்று மனிதர்களையும் கூப்பிட்டுப் பேசுகிறார், உள்ளிருந்தபடியே அதை எதிர்க்கச் சொல்கிறார். அவர்களும் கேட்கிறார்கள். பூதத்தைப் பேச்சால் வீழ்த்துகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

கேள்வி: இதே கதையை வைத்து 1955-ல் வந்த படத்தைப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. படத்தில் அந்தப் பேச்சு கிடையாது, மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிடுகிறார்கள். பேராசிரியராக நடித்த பிரையன் டான்லவியையும் நீலுக்குப் பிடிக்கவில்லை. படத்தை வைத்து நீலை எடை போடாதீர்கள்.

கேள்வி: ‘ஸ்டோன் டேப் கோட்பாடு’ அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டதா?

பதில்: இல்லை. பழைய நிகழ்வுகளைக் கல் பதிந்து வைத்திருக்கும், ஆவியாகத் தெரிவது அந்தப் பதிவுதான் என்பதே அந்தக் கோட்பாடு. அந்தப் பெயரே ‘தி ஸ்டோன் டேப்’ என்ற நீலின் தொலைக்காட்சி நாடகத்திலிருந்து வந்தது. 1972 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி 2-ல் ஒளிபரப்பானது. புதிய பதிவு ஊடகம் தேடும் ஒரு மின்னணு நிறுவனத்தின் குழு, பழைய மாளிகை ஒன்றில் குடியேறுகிறது. அங்கே ஓர் அறையில், என்றோ செத்துப்போன பணிப்பெண்ணின் அலறல் கேட்கிறது. கல்சுவர்தான் அதைப் பதிந்து வைத்திருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டுகிறார்கள்.

கேள்வி: கல்லில் குவார்ட்ஸ் என்ற படிகம் இருக்கிறது. கடிகாரத்திலும் அதுதான் இருக்கிறது. அப்படியென்றால் ஏன் பதியாது?

பதில்: மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் சீராக அதிரும், அதனால்தான் கடிகாரத்துக்கு உதவுகிறது. அதிர்வது வேறு, நினைவில் வைத்திருப்பது வேறு. ஒலியைப் பதிய வேண்டுமென்றால் அதைக் குறிப்பலையாக மாற்ற ஒன்று வேண்டும், வரிசை குலையாமல் சேமிக்க ஒன்று வேண்டும், திரும்பப் படிக்க ஒன்று வேண்டும். காந்த நாடாப் பதிவுக் கருவியில் இவை மூன்றும் உண்டு. சுவரில் எதுவும் இல்லை.

கேள்வி: நாடகத்துக்கு முன்பே ஆவி ஆய்வாளர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வேண்டுமென்றே மறைக்கிறீர்கள்.

பதில்: மறைக்கவில்லை. இடங்களுக்கு நினைவு உண்டு என்ற எண்ணம் 19-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஓர் எண்ணம் பழையது என்பதாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது. இன்னொன்றும் சொல்கிறேன். நாடகத்தை ஆதாரமாகக் காட்டுபவர்கள் அதை முடிவுவரை பார்த்தார்களா என்றே எனக்குச் சந்தேகம். அந்தக் குழு கருவிகளைக் கொண்டு சுவரைத் தாக்கு தாக்கு என்று தாக்கி, இருந்த பதிவையும் அழித்துவிடுகிறது. அதற்கு அடியில் மிகப் பழையது ஒன்று இருப்பது ஜில் என்ற பெண் ஒருத்திக்குத்தான் புரிகிறது. அவள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் அதற்குப் பலியாகிறாள், கடைசியில் அந்த அறையில் கேட்பது அவளுடைய அலறல். ‘விளக்கம் கிடைத்துவிட்டது’ என்று நம்பியவர்களின் கதை இது. அதையே விளக்கமாக எடுத்துக்கொள்வது நீலுக்குச் செய்யும் அநியாயம். ஆவி உண்டா இல்லையா என்ற வாதத்தை இத்தோடு விட்டுவிடுவோம்.

கேள்வி: ஆவி உண்டா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: நீலைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: மீதி நான்கு பகுதிகள் யாரிடமோ இருப்பதாகக் கேள்விப்பட்டேன்...

பதில்: பதிவே செய்யாததை யாரும் வைத்திருக்க முடியாது. தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: ‘டாக்டர் ஹூ’வுக்கு எழுதினாரா?

பதில்: இல்லை, பிபிசியின் அந்த அறிவியல் புனைவுத் தொடருக்கு அழைத்தும் மறுத்துவிட்டார்.

கேள்வி: ரியாலிட்டி நிகழ்ச்சிகளை முன்பே கணித்தார் என்பது மிகைதானே?

பதில்: மிகையே இல்லை. 1968-ல் வந்த ‘தி இயர் ஆஃப் தி செக்ஸ் ஒலிம்பிக்ஸ்’ நாடகத்தில், மக்களைச் சோம்பலாகவே வைத்திருக்கத் தொலைக்காட்சி ஓயாமல் ஓடுகிறது. ஒரு விபத்தில் ஒருவர் சாவதைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பிலிருந்து புதிய நிகழ்ச்சி பிறக்கிறது: ஒரு குடும்பத்தைத் தனித் தீவில் விட்டு, அவர்கள் படும் பாட்டை இரவும் பகலும் காட்டுவது. வண்ணத்தில் எடுத்தார்கள், இப்போது எஞ்சியிருப்பது கறுப்பு வெள்ளைப் பிரதி.

கேள்வி: திரைக்கதை எழுதுவது எப்படி?

பதில்: அதைத் தொழிலாகச் செய்பவர்களிடம் கேளுங்கள், நான் பார்வையாளன்.

கேள்வி: எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’, 1958-ல் தொடங்கி 1959 ஜனவரியில் முடிந்த தொடர். ஆறு பகுதிகளும் பத்திரமாக இருக்கின்றன. 1967-ல் வந்த படமும் நல்ல படம்தான், ஆனால் அது அப்புறம். லண்டனில் கட்டடத்துக்காகக் குழி தோண்டும்போது மண்டையோடுகள் கிடைக்கின்றன, பிறகு ஏவுகணை போன்ற ஒன்று. மனிதர்களுக்குள் தங்களில் வேறுபட்டவரைக் கொல்லும் வெறி எங்கிருந்து வந்தது என்று கதை கேட்கிறது. லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பினத்தவரை வெள்ளையர் தாக்கிய கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன, அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். குழி தோண்டும் தெருவின் பெயர்ப்பலகையைத் தவறவிடாதீர்கள். பெயர் ‘ஹாப்ஸ் லேன்’. பழைய பலகையில் அதே பெயர் ஒரு எழுத்து குறைவாக, வேறு மாதிரி எழுதியிருக்கும். ‘ஹாப்’ என்பது சாத்தானுக்கு ஆங்கிலத்தில் முன்பு இருந்த ஒரு பெயர்.