வால் ஆஃப் சவுண்ட்: பாடிய பெண்கள் யார்? கேள்வி பதில்

1960-களின் அமெரிக்க பாப் பாட்டுகளில் ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் உருவாக்கிய ஒலிப்பதிவு முறைக்கு ‘வால் ஆஃப் சவுண்ட்’, அதாவது ஒலிச் சுவர், என்று பெயர். அந்த முறையைப் பற்றியும் அதில் பாடிய பெண் குழுக்களைப் பற்றியும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வால் ஆஃப் சவுண்டுன்னா என்ன சார்? வால்யூமை ஏத்தி வெச்சு ரெக்கார்ட் பண்றதா?

வால்யூமுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஹாலிவுட்டில் கோல்ட் ஸ்டார் என்றொரு ஸ்டுடியோ இருந்தது. அதன் ‘ஏ’ அறை சின்னது. அந்த அறைக்குள் மூன்று நான்கு கிட்டார், இரண்டு மூன்று பியானோ, நின்று வாசிக்கும் பெரிய பேஸ் ஒன்று, எலெக்ட்ரிக் பேஸ் ஒன்று, ட்ரம்ஸ், சாக்ஸபோன்கள், மராக்காஸ், காஸ்டனெட், டாம்பரின் என்று இருபது பேர் வரை நெருக்கி உட்காருவார்கள். நான்கு கிட்டாரும் ஒரே பகுதியைச் சேர்ந்து வாசிக்கும். பியானோக்களும் அப்படித்தான். கேட்பவருக்கு நான்கு கிட்டார் தனித்தனியாகக் கேட்காது, கிட்டார் எங்கே முடிகிறது, பியானோ எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது.

அடுத்தது எக்கோ சேம்பர். சுவரெல்லாம் சிமெண்ட் பூசிய காலி அறை, உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். ஸ்டுடியோவில் வாசிப்பதை அந்த ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, சுவர்களில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்து, மறுபடி மிக்ஸில், அதாவது மொத்த ஒலிக் கலவையில், சேர்ப்பார்கள். கோல்ட் ஸ்டாரின் எக்கோ அறைகளுக்கென்றே அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனவர்கள் உண்டு. 1984-ல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

இதை ஸ்பெக்டர் ஒருவரின் சாதனையாகவே பேசிப் பழகிவிட்டோம். இசைக்கோர்ப்பு பெரும்பாலும் ஜாக் நிட்ஷே, ஒலிப்பதிவு லேரி லெவின், ட்ரம்ஸ் ஹால் பிளெய்ன். கிட்டாரில் டாமி டெடெஸ்கோ, பார்னி கெஸ்ஸல், பின்னாளில் பெரிய பாடகரான கிளென் கேம்பல். இந்தப் பெயர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வீட்டு ஸ்டுடியோவுல எல்லா ட்ராக்குக்கும் ரிவெர்ப் போட்டுப் பாத்துட்டேன் அண்ணா. கொழகொழன்னு ஆகுதே தவிர அந்தச் சத்தம் வரல. எங்க தப்பு?

ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனியாக ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டதுதான் தப்பு. அங்கே எல்லா வாத்தியமும் ஒரே காற்றில் கலந்த பிறகுதான் எக்கோ அறைக்குப் போனது. ட்ரம்ஸ் சத்தம் கிட்டார் மைக்கில் ஏறும், கிட்டார் பியானோ மைக்கில் ஏறும். மற்ற ஸ்டுடியோக்கள் தடுக்கப் படாதபாடு பட்ட கசிவு, இங்கே மூலப்பொருள்.

1962-ல் ‘ஸிப்-அ-டீ-டூ-டா’ பதிவின்போது நடந்ததை லேரி லெவின் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மணிக்கணக்கில் ஒத்திகை போய்க்கொண்டிருந்தது. ஸ்பெக்டர் ஒவ்வொரு மைக்காக ஏற்றச் சொல்லிக்கொண்டே போக, மீட்டர் முள் எல்லாம் சிவப்பில் ஒட்டிக்கொண்டது. லெவின் பொறுக்க முடியாமல் எல்லா மைக்கையும் ஒரேயடியாக அணைத்துவிட்டார். ஸ்பெக்டர் கொதித்துப்போனார். லெவின் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து வந்தார். பில்லி ஸ்ட்ரேஞ்சின் கிட்டார் மைக் ஒன்றுதான் பாக்கி, அதற்குள் ஸ்பெக்டர் “இதுதான், ரெக்கார்ட் பண்ணு” என்று சொல்லிவிட்டார். அந்தப் பாட்டில் வரும் கிட்டார் தனி ஆவர்த்தனம் முழுக்க, மற்றவர்களின் மைக்கில் கசிந்து ஏறியதுதான். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது மாதிரி இருக்கும்.

உங்களுக்கு என் யோசனை: ஒரே பகுதியை அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்று முறை, பியானோவில் இரண்டு முறை வாசித்துப் பதியுங்கள். காப்பி பேஸ்ட் வேண்டாம், கை வாசிப்பில் வரும் சின்னச் சின்ன வித்தியாசம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸுக்கு (பல ட்ராக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் தடம்) அனுப்பி, அந்த பஸ்ஸுக்கு மட்டும் ரிவெர்ப் கொடுங்கள். மிக்ஸை மோனோவில் (இடம், வலம் என்று பிரிக்காத ஒற்றை ஒலி) கேட்டு முடிவு செய்யுங்கள். வாசிப்பும் எளிமையாக இருக்கட்டும், நடுவில் யாரும் தனித்துவம் காட்டக் கூடாது. கலைஞர்கள் களைத்து, தங்கள் சொந்த நகாசு வேலைகளை விடும்வரை ஸ்பெக்டர் டேப்பை ஓட்டவே மாட்டார் என்று அங்கே வாசித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: ‘ஹீ’ஸ் அ ரெபல்’ பாட்டை கிரிஸ்டல்ஸ் பாடவே இல்லைங்கிறது உண்மையா?

உண்மை. இந்தக் கதையை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

கிரிஸ்டல்ஸ் ஸ்பெக்டரிடம் பாடிவந்த நியூயார்க் பெண்கள் குழு. 1962-ல் ஸ்பெக்டர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தபோது, ஜீன் பிட்னி எழுதிய இந்தப் பாட்டை விக்கி கார் என்ற பாடகி வேறொரு கம்பெனிக்குப் பதிவு செய்கிறார் என்று தெரியவந்தது. முந்திக்கொள்ள வேண்டும், கிரிஸ்டல்ஸை வரவழைக்க நேரமில்லை. அந்த ஊரிலேயே பின்னணிக் குரல் கொடுத்துவந்த பிளாஸம்ஸ் என்ற மூவர் குழுவைக் கூப்பிட்டார். லீட் (முதன்மைக் குரல்) பாடியவர் டார்லீன் லவ். தட்டில் அச்சான பெயர் கிரிஸ்டல்ஸ். 1962 நவம்பரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்த உண்மையான கிரிஸ்டல்ஸ், தங்கள் ‘புதுப் பாட்டை’ ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். பிறகு அதை மேடையில் பாடியாக வேண்டுமே! அந்தக் குரலுக்கு ஓரளவு ஈடுகொடுக்கக் கூடியவராக இருந்தவர் குழுவிலேயே இளையவரான லா லா புரூக்ஸ், பதினைந்து வயதுப் பெண்.

டார்லீனுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. அடுத்து பாடிய ‘ஹீ’ஸ் ஷ்யூர் த பாய் ஐ லவ்’ தன் பெயரில் வரும் என்று நம்பியிருந்தார். ரேடியோவில் அதுவும் கிரிஸ்டல்ஸ் பாட்டு என்றே அறிவிக்கப்பட்டது. ‘ஸிப்-அ-டீ-டூ-டா’ வெளிவந்தது பாப் பி. சாக்ஸ் அண்ட் த ப்ளூ ஜீன்ஸ் என்ற பெயரில், அதிலும் அவர் இருக்கிறார். 1963-ல்தான் அவருடைய பெயரிலேயே தட்டு வந்தது. 1980-களின் தொடக்கத்தில் பெவர்லி ஹில்ஸில் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்த காலத்தில், ஒரு வீட்டுக் குளியலறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, தான் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு ரேடியோவில் ஒலித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் மீண்டும் பாட வந்தார். 1986 முதல் 2014 வரை டேவிட் லெட்டர்மேன் டிவி நிகழ்ச்சியில் கிறிஸ்துமஸ்தோறும் அதே பாட்டு அவர் குரலில் ஒலித்தது. 2011-ல் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

ஸ்பெக்டரைப் பொறுத்தவரை குழுவின் பெயர் ஒரு லேபிள், யார் குரல் வேண்டுமானாலும் அதற்குள் போகலாம். எனக்கு இந்தப் பாட்டுகள் உயிர். ஆனாலும் இதை ஏற்கவே முடியவில்லை. அந்த இருபது வாத்தியங்களுக்கு மேலே ஏறி நின்று பாடக் கூடிய குரல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: நான் ட்ரம்ஸ் வாசிக்கிறவன். ‘பி மை பேபி’ தொடக்கத்தை ஏன் எல்லாரும் இவ்வளவு கொண்டாடறாங்க? ரொம்ப ஈஸியான பீட்தானே?

ஈஸிதான். விட்ட இடத்தைக் கவனியுங்கள். வழக்கமாக ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன ட்ரம்) நான்கு எண்ணிக்கையில் இரண்டாவது எண்ணிலும் நான்காவதிலும் விழும். இங்கே ஹால் பிளெய்ன் இரண்டாவதை விட்டுவிட்டார். பேஸ் ட்ரம் மூன்று அடி, நான்காவது எண்ணில் மட்டும் ஸ்னேர். அந்தக் காலி இடத்தில் காது காத்துக்கிடக்கிறது, நான்காவது அடி விழும்போது எக்கோ அறை முழுவதும் சேர்ந்து விழுகிறது. பாட்டின் கடைசிப் பகுதியில் எல்லா வாத்தியமும் நின்று, அந்த அடி மட்டும் மறுபடி வரும். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க பாப் குழுவின் பிரையன் வில்சன் இதை முதன்முதலில் கேட்டபோது ஓட்டிக்கொண்டிருந்த காரை ஓரம் கட்டிவிட்டார்.

இது 1963 ஜூலையில் பதிவானது. ரானெட்ஸ் குழுவில் வெரோனிகா பென்னட் (ரானி), அக்கா எஸ்டெல், ஒன்றுவிட்ட சகோதரி நெட்ரா டாலி என்று மூவர். தட்டில் பாடியது மூவரில் ரானி மட்டும். கோல்ட் ஸ்டாரின் பெண்கள் கழிப்பறையில் எதிரொலி நன்றாக இருக்கும் என்று அங்கே நின்றுதான் ஒத்திகை பார்த்தார். அவர் ‘வோ-ஓ-ஓ’ என்று இழுக்கும் இடத்தில் குரலில் ஒரு நடுக்கம் இருக்கிறதே, எத்தனை வாத்தியம் அடுக்கினாலும் மூட முடியாத நடுக்கம் அது.

கேள்வி: இவ்வளவு ஹிட்டுக்கு அவங்களுக்குக் காசு வந்துச்சா?

ரானெட்ஸ் 1963-ல் கையெழுத்துப் போட்டபோது மூவருக்கும் சேர்த்து சுமார் 15,000 டாலர் முன்பணம். பின்னர் ராயல்டி என்று எதுவும் வரவில்லை. 1987-ல் ‘டர்ட்டி டான்சிங்’ படத்தில் ‘பி மை பேபி’ வந்தது, அதிலும் பங்கு இல்லை. வழக்குப் போட்டார்கள். 2000-ல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2002-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தில் எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டதால் சினிமா, டிவி, விளம்பரங்களில் பயன்படுத்தியதற்குப் பங்கு கேட்க முடியாது என்றது. தட்டு விற்பனைக்கு உரிய ராயல்டி உண்டு என்பது மட்டும் நிலைத்தது. பாடகராக இருக்கும் தம்பி தங்கைகள் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஸ்பெக்டர் கொலைக் குற்றவாளி. அவர் பாட்டை ரசிக்கலாமா?

2003-ல் லானா கிளார்க்சன் என்ற நடிகை அவருடைய வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009-ல் குற்றம் நிரூபணமாகி, 2021 ஜனவரியில் சிறைவாசத்திலேயே ஸ்பெக்டர் இறந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1968-ல் ரானியைத் திருமணம் செய்து வீட்டுக்குள் பூட்டியே வைத்திருந்தார். 1972-ல் ரானி வெறுங்காலோடு தப்பி ஓடினார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரை மேதை என்று மட்டும் எழுதுவதை நான் வெறுக்கிறேன். பாட்டைக் கேட்பதை நான் நிறுத்தவில்லை, அது ரானியின் பாட்டு, டார்லீனின் பாட்டு என்பதால்.

கேள்வி: ஏன் இந்த பாணி நின்னுபோச்சு?

1966-ல் ஸ்பெக்டர், பாடகி டீனா டர்னரை வைத்து ‘ரிவர் டீப் மவுண்டன் ஹை’ செய்தார். அந்தக் காலத்தில் ஒரு சிங்கிளுக்கு (தனிப் பாட்டுத் தட்டு) யாரும் நினைத்துப் பார்க்காத செலவு. பிரிட்டனில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் 88-ஐத் தாண்டவில்லை. மனம் உடைந்து ஒதுங்கிவிட்டார். அதற்குள் வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதியவிடும் பல ட்ராக் டேப் வேறு பரவ ஆரம்பித்துவிட்டது. எல்லோரையும் ஒரே அறையில் அடைக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

கேள்வி: புதுசா கேக்கப் போறேன். எதுல தொடங்கலாம்? ஸ்டீரியோவா மோனோவா?

மோனோ, சந்தேகமே வேண்டாம். ஸ்டீரியோவில் பிரித்துப் போட்ட பதிப்புகளில் வாத்தியங்கள் இடமும் வலமுமாகச் சிதறிவிடும். முதலில் ‘ஹீ’ஸ் அ ரெபல்’, உடனே 1963-ன் ‘டா டூ ரான் ரான்’. இரண்டிலும் கிரிஸ்டல்ஸ் என்றுதான் போட்டிருக்கும். முன்னது டார்லீன், தேவாலயத்தில் பாடிப் பழகிய கனத்த தொண்டை. பின்னது லா லா புரூக்ஸ், இளசான, கூர்மையான குரல். இரண்டு மூன்று முறை கேட்டால் பெயர் பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். அடுத்து ‘பி மை பேபி’. பிறகு 1963-ல் வந்த ஸ்பெக்டரின் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். கென்னடி சுடப்பட்ட அதே நவம்பர் 22-ல் வெளியாகி, அப்போது எடுபடாமல் போன ஆல்பம் அது. ஹெட்போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு அறையின் மறுகோடியில் உட்காருங்கள்.