மே சோட்டில் பாலத்தை மூடினால் எல்லை வணிகம் நின்றுவிடுமா?

கேள்வி: தாய்லாந்தின் மே சோட் நகரில் மியான்மர் எல்லைப் பாலத்தை மூடிவிட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறதே, அப்போதெல்லாம் அங்கே வியாபாரம் என்ன ஆகும்?

நிற்காது. பாதை மாறும், செலவு ஏறும், மாமூல் வாங்கும் கை மாறும், அவ்வளவுதான். பாங்காக்கில் வேலை பார்த்தபோது சரக்கு விஷயமாக அங்கே போய் வந்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

மே சோட்டுக்கும் எதிர்க்கரை மியாவடிக்கும் நடுவே ஓடுவது மோய் ஆறு. கோடையில் பார்த்தால் இதையா எல்லை என்கிறார்கள் என்று தோன்றும். தண்ணீர் வற்றிய இடங்களில் மூட்டையோடு நடந்தே கடந்துவிடலாம். 1997இல் திறந்த முதல் நட்புறவுப் பாலத்தின் நீளமே 420 மீட்டர்தான். மேலே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வரிசை நிற்கும். கீழே டயர் டியூபில் உட்கார்ந்து ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள், அதுவும் பட்டப்பகலில்.

2010 ஜூலையில் மியான்மர் பாலத்தை மூடியது. ஆற்றங்கரையில் தாய்லாந்து செய்த கட்டுமான வேலைதான் தகராறு. 2011 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சரக்கெல்லாம் கரையோரத்துத் தனியார் படகுத்துறைகள் வழியாகப் போனது. இந்தத் துறைகளில்தான் சூட்சுமமே இருக்கிறது. இக்கரையில் தாய்லாந்து சுங்கத்தின் அனுமதியோடு, முறையான காகிதத்தோடு பெட்டியைப் படகில் ஏற்றுவார்கள். அக்கரையில் இறங்கியதும் அதே பெட்டி மியான்மர் அரசின் கணக்கில் கடத்தல் பொருள். அங்கே வசூல் ஆயுதக் குழுக்களின் கையில். பிஸ்கட், குளிர்பானம், அஜினோமோட்டோ, போன் எல்லாம் இப்படித்தான் போகும். திரும்பி வருவதில் மக்காச்சோளமும் மாடும் முக்கியம். மக்காச்சோளத்துக்குப் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை தாய்லாந்தில் இறக்குமதி வரி கிடையாது, அதனால் அந்த மாதங்களில் லாரிகள் குவியும்.

2019இல் லாரிகளுக்கென்றே இரண்டாவது பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் மியான்மர் அதிலும் சரக்குப் போக்குவரத்தை நிறுத்தியது. இதுவும் பழைய கதைதான், ஆனால் இந்தத் தடவை அடி பலம். காரணம் ஆறு அல்ல, அதற்கு அப்பால் உள்ள சாலை.

மியாவடியைத் தாண்டியதும் டாவ்னா மலை. பழைய மலைச்சாலை மிகக் குறுகல் என்பதால் ஒரு நாள் மேலே ஏறும் வண்டிகள், மறுநாள் இறங்கும் வண்டிகள் என்று முறை வைத்திருந்தார்கள். மே சோட் கிடங்குகளில் லோடு ஏற்றும் நாளே அதைப் பார்த்துத்தான். 2015இல் தாய்லாந்து உதவியோடு புதுச்சாலை வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. பிறகு 2023 இறுதியிலிருந்து அந்தப் பாதையில் மியான்மர் ராணுவத்துக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை. லாரி போக முடியாமல் காட்டுப்பாதைகளில் சுற்ற வேண்டியதாயிற்று, வழியெங்கும் சோதனைச்சாவடி, ஒவ்வொன்றிலும் காசு. (மணிப்பூரின் மோரேயிலிருந்து மே சோட் வரை வருவதாகச் சொன்ன இந்தியா-மியான்மர்-தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலையும் இந்த வழியாகத்தான் வர வேண்டும். ஏன் இழுக்கிறது என்று இப்போது புரியும்.)

அதனால் பாலம் மூடிய செய்தி வந்தால் அங்குள்ள வியாபாரி முதலில் விசாரிப்பது பாலத்தைப் பற்றி அல்ல. மியாவடிக்கும் மலைக்கு அந்தப்பக்கம் உள்ள கௌகரேக் ஊருக்கும் நடுவே இன்று லாரி ஓடுகிறதா என்றுதான்.