அப்பாவுக்கு விபத்து பாலிசியா, குளியலறைக்குக் கைப்பிடியா?

கேள்வி: சொந்த ஊர் தக்கலை பக்கம், வேலை துபாயில். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. போன மழையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் முற்றத்தில் வழுக்கி விழுந்து, பத்தே நாளில் இறந்துவிட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. அப்பா பெயரில் 20 லட்சத்துக்கு விபத்து பாலிசி எடுக்கலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இப்படி இறப்பவர்கள் 2012-இல் லட்சத்துக்கு 55 பேர், 2021-இல் 78 பேர்.

ஆனாலும் அந்த பாலிசி வேண்டாம். உயிர் போனாலோ உறுப்பு போனாலோதான் அது பெரிய தொகை தரும். அப்பாவின் வருமானத்தை நம்பி இப்போது யாரும் இல்லையே. உங்களுக்குச் செலவு வைக்கப்போவது இடுப்பெலும்பு முறிவுதான். அறுவைசிகிச்சை, பிசியோதெரபி, மாதக்கணக்கில் ஹோம் நர்ஸ்.

எனவே இருவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுங்கள். 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற தடை 2024 ஏப்ரலிலேயே நீங்கிவிட்டது. புது பாலிசியில் வழக்கமாக இருக்கும் முதல் 30 நாள் காத்திருப்பும் விபத்துச் சிகிச்சைக்குக் கிடையாது. சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்க வேண்டாம். பில்லில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 70 நிறைந்தவர்களுக்கான மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஏற்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

ஹோம் நர்ஸ் சம்பளத்தைப் பெரும்பாலான பாலிசிகள் தராது. அதற்கென ஒரு தொகையை அம்மா தனியாகவே எடுக்கக்கூடிய ஜாயின்ட் டெபாசிட்டில் போட்டு வையுங்கள். நீங்கள் துபாயிலிருந்து அனுப்பும்வரை ஆஸ்பத்திரி காத்திருக்காது.

பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா என்ற அரசு விபத்துக் காப்பீட்டில் 70 வயது வரைதான் சேரலாம். அப்பாவுக்கு வழியில்லை. அம்மாவைச் சேர்த்துவிடுங்கள்: வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம்.

அப்புறம், பாலிசி பிரீமியத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு ஒன்று இருக்கிறது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. முற்றத்தில் பாசி படியாத வீடு எது? கக்கூஸ் வெளியே இருந்தால் ராத்திரி அந்த வழியில்தான் நடக்க வேண்டும். கொத்தனாரை வைத்து அந்தத் தரையைச் சொரசொரப்பாக்குங்கள். குளியலறையில் கைப்பிடி, வழியில் ஒரு லைட், இருவருக்கும் கண் பரிசோதனை. பிரஷர் மாத்திரை போட்டதும் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறதா என்று இன்றே போனில் கேளுங்கள். சுற்றினால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். கொத்தனார் வேலைக்கு உங்கள் லீவு வரை காத்திருக்க வேண்டாம், இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் முடித்துவிடுங்கள்.