வீடு பூட்டியிருந்தது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர்கள் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு தேடிப்போய்ப் பார்ப்பது பற்றி ஆய்வு செய்கிறேன். பல பெண்கள் கர்ப்பத்தை நேரத்தில் பதிவதில்லை. பதிந்தவர்களும் பாதியில் காணாமல் போகிறார்கள். பதிவேட்டில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அமெரிக்காவில் எல்மிரா என்ற ஊரில் டேவிட் ஓல்ட்ஸ் நடத்திய, நர்ஸ் வீடு தேடிப்போகும் திட்டம் வெற்றி பெற்றதே, நம் மக்களிடம் மட்டும் ஏன் இந்த அறியாமை? குறும்படம், வாட்ஸ்அப் செய்தி மூலம் மாற்ற முடியுமா? ஆய்வேட்டுக்கு உங்கள் முன்னுரையும் வேண்டும்.

ச.

அன்புள்ள ச.,

குறும்படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார். வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வருகின்றன, அதோடு இதுவும் வந்துவிட்டுப் போகட்டும். எல்மிராவை விடுங்கள். அங்கே 400 தலைப்பிரசவக்காரிகளை வைத்து நடந்த ஆய்வு அது. அவர்களில் ஒரு பிரிவினருக்குப் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை நர்ஸ் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நம்மூரில் சமவெளியில் 5,000 பேருக்குச் செவிலியர் இருக்கும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்பது கணக்கு.

‘அறியாமை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தமிழக அரசு கர்ப்பிணிகளுக்குப் பணமும் பொருளுமாக மொத்தம் 18,000 ரூபாய்க்குத் தருகிற முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகையின் முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். நம் வீடுகளில் மூன்று மாதம் தாண்டாமல் யாராவது வாய் திறப்பார்களா? ஒருமுறை கலைந்தவள் இன்னும் பொத்தி வைப்பாள். அந்த 18,000 ரூபாய் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணேறுக்குப் பயப்படுகிறாள்.

பூட்டிய வீடு இன்னும் எளிது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், தம்பி! பதிவேட்டில் இருப்பது புருஷன் வீட்டு விலாசம். பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது தேசியத் திட்டம். அந்த ஆறு நாளும் குழந்தை வேறொரு செவிலியரின் எல்லையில், பாட்டி மடியில் கிடக்கிறது. அவள் பெயரைக் கணினியில் அந்தச் செவிலியருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். யாராவது ஒருவர் போன் போட்டுச் சொன்னால்தானே மாற்ற? இதையெல்லாம் உங்கள் வீட்டில் அக்காவோ அத்தையோ இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் என் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் முதுகுளத்தூர் பக்கம் கிராமத்து நர்சாக (ஏ.என்.எம்.) இருந்தாள். வெள்ளைச் சேலை, தோளில் பை. ரத்த அழுத்தம் பார்ப்பதும் அவள்தான், தடுப்பூசி போடுவதும் அவள்தான், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் ‘கேஸ்’ பிடிக்க வேண்டியவளும் அவள்தான். வருஷக் கணக்கு முடியும் மார்ச் நெருங்கினால் மேலதிகாரி விரட்டுவார், கேஸ் குறைந்தால் ஏச்சு. கால் வீங்கிய நிறைமாதக்காரி ஒருத்தி இருந்தாள். பெரியம்மா அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்கத்தான் போனாள். அவளோ சேலையைக் கண்டதும் கொல்லைப்புறமாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டாள். திண்ணையில் இருந்த மாமியார், “இந்த மாசம் எத்தனை கேஸ் குறையுது, நர்சம்மா?” என்று கேட்டாளாம். ஓடியவளை அறியாதவள் என்பீர்களா? அவள் போட்ட கணக்கில் என்ன தப்பு? ஆபத்தைப் பார்த்துச் சொல்ல வந்த கையும் ஆள் பிடிக்க வந்த கையும் ஒன்றாக இருந்தால் எந்தப் பெண்ணும் ஓடத்தான் செய்வாள். பெரியம்மா சாகும்வரை அந்த மாமியார் மேல் கோபப்பட்டதில்லை. அதிகாரி மேல் பட்டாள்.

இத்தனை கேஸ் பிடித்தாக வேண்டும் என்ற அந்த இலக்கு முறையை 1996 ஏப்ரலில் மத்திய அரசு கைவிட்டது. ஆனால் நர்சம்மா வந்தால் ஏதோ கேட்கத்தான் வருவாள் என்ற பேச்சு மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இன்று வருபவர் என்ன கேட்கிறார்? கடைசி மாதவிலக்குத் தேதி, ஆதார், வங்கிக் கணக்கு, போன் நம்பர். பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும் பன்னிரண்டு இலக்க எண் வேண்டும் என்பதால் கடைசியில் எல்லோரும் பதிந்துவிடுகிறார்கள். பதிந்ததை வைத்து நம்பிக்கை வந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வாள்?

உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை மாத்திரை கொண்டுவருபவரைப் பார்த்து எந்தக் கிழவியாவது கதவைச் சாத்துகிறாளா? ஒரு வாரம் தாமதமானால் திட்டுவாள். அதே தெரு, அதே வாசல்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் வீடு வீடாக நடந்து, பழைய பதிவேட்டையும் உட்கார்ந்து புரட்டியிருக்கிறீர்கள், அதற்கே பொறுமை வேண்டும். ஆனால் நீங்களும் கேள்வித்தாளோடு போனவர்தான். கர்ப்பிணிகளிடம் ஓர் இளைஞன் என்ன கேட்டுவிட முடியும்? கூடப் படிக்கும் பெண் யாரையாவது அழைத்துப் போங்கள். ‘பூட்டியிருந்தது’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அம்மா வீட்டு ஊரைக் கேட்டுக் குறியுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். செங்கல் சூளைக்கும் ஓசூர்க் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போனவர்களைத் தனியாக எழுதுங்கள். அது வேறு கதை.

முன்னுரை நான் தரமாட்டேன். அந்தப் பதிவேட்டை எழுதிய செவிலியரிடம் கேளுங்கள். நேரமில்லை என்பார். அப்படியானால் முன்னுரை இல்லாமலே அச்சிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.