இரண்டு லோடு பேலன்சர் இருந்தும் தளம் ஏன் விழுகிறது? கேள்வி பதில்

எச்ஏபிராக்ஸியையும் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோடு பேலன்சர் மென்பொருள்) கீப்அலைவ்டியையும் (ஒரு பெட்டி விழுந்தால் பொது ஐபியை இன்னொரு பெட்டிக்கு நகர்த்தும் மென்பொருள்) லினக்ஸில் சேர்த்து ஓட்டுபவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. அமைப்பு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு லோடு பேலன்சர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்நிகர் ஐபி (சுருக்கமாக விஐபி), பின்னால் சில ஆப் சர்வர்கள். விஐபியை வைத்திருக்கும் பெட்டி மாஸ்டர், காத்திருப்பது பேக்கப். மாஸ்டர் தான் உயிரோடு இருப்பதாக, தன் பிரயாரிட்டி எண்ணோடு விளம்பரப் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தப் பேச்சு முறைக்குப் பெயர் விஆர்ஆர்பி.

கேள்வி: சார், மாஸ்டரில் எச்ஏபிராக்ஸியை நிறுத்தினேன். எச்ஏபிராக்ஸி நலமா என்று பார்க்கும் செக் ஸ்கிரிப்ட் தோற்றதாக லாக் சொல்கிறது, ஆனால் விஐபி நகரவே இல்லை. பிரயாரிட்டி மாஸ்டருக்கு 150, பேக்கப்புக்கு 100. ஸ்கிரிப்ட் வெயிட் -20, அதாவது ஸ்கிரிப்ட் தோற்றால் பிரயாரிட்டியில் 20 குறையும்.

பதில்: கணக்கைப் போட்டுப் பாருங்கள். 150-இல் 20 போனால் 130. பேக்கப்பிடம் இருப்பது 100. அது எப்படி முந்தும்? பேக்கப்பை 140 ஆக்கினால் சரியாகும். ஆனால் வெயிட் வரியையே எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. வெயிட் இல்லாத ஸ்கிரிப்ட் தோற்றால் அந்தப் பெட்டி நேராக ஃபால்ட் நிலைக்கு, அதாவது போட்டியிலிருந்தே விலகிய நிலைக்குப் போகும். போகும்போது பிரயாரிட்டி 0 என்று ஒரு விளம்பரப் பாக்கெட் அனுப்பிவிட்டுப் போகும். அதைப் பார்த்த பேக்கப் காத்திருக்காமல் ஒரு விநாடிக்குள் விஐபியை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய மாஸ்டர் சரியாகி வந்தவுடன் விஐபியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு கோளாறுக்கு இரண்டு துண்டிப்பு. நோபிரீம்ப்ட் (திரும்பப் பிடுங்காதே என்ற அமைப்பு) போட்டும் கேட்கவில்லை.

பதில்: அந்தப் பெட்டியில் ஸ்டேட் மாஸ்டர் என்று எழுதியிருப்பீர்கள். நோபிரீம்ப்ட் வேலை செய்ய ஆரம்ப நிலை பேக்கப்பாக இருக்க வேண்டும். இரண்டு பெட்டியிலும் பேக்கப் என்றே எழுதுங்கள், பிரயாரிட்டி பார்த்து அவையே முடிவு செய்துகொள்ளும்.

மேலே கேட்டவரும் இதைக் கவனிக்கவும்: நோபிரீம்ப்ட்டையும் மைனஸ் வெயிட்டையும் சேர்க்காதீர்கள். நோபிரீம்ப்ட் உள்ள பெட்டி, உயிரோடு விளம்பரம் அனுப்பும் மாஸ்டரின் பிரயாரிட்டி எவ்வளவு இறங்கினாலும் அதன் இடத்துக்கு வராது. எச்ஏபிராக்ஸி செத்துக் கிடக்கும், விஐபி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: செக் ஸ்கிரிப்டில் "கில்ஆல் -0 எச்ஏபிராக்ஸி" போதுமா? எல்லா வழிகாட்டியிலும் அதுதான் இருக்கிறது.

பதில்: போதாது. பிராசஸ் இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். எச்ஏபிராக்ஸி பிராசஸ்களுக்கு ஸ்டாப் சிக்னல் (கொல்லாமல் உறைய வைப்பது) கொடுத்துப் பாருங்கள். பிராசஸ் பட்டியலில் இருக்கும், ஒரு கோரிக்கைக்கும் பதில் வராது, ஸ்கிரிப்டோ எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

எச்ஏபிராக்ஸியின் ஃப்ரன்ட்எண்டில் (கோரிக்கைகளை வாங்கும் பகுதி) மானிட்டர்-யுஆர்ஐ (எச்ஏபிராக்ஸியே பதில் சொல்லும் சோதனை முகவரி) ஒன்று வையுங்கள். ஸ்கிரிப்ட் அதே பெட்டியிலிருந்து அந்த முகவரிக்கு கர்ல் கட்டளையால் கோரிக்கை அனுப்பட்டும், டைம்அவுட் 1 விநாடி. இன்டர்வல் 2 (2 விநாடிக்கு ஒரு சோதனை), ஃபால் 2 (இத்தனை முறை தோற்றால் கோளாறு), ரைஸ் 2 (இத்தனை முறை வென்றால் நலம்). சுமார் 4 விநாடியில் கோளாறு பிடிபடும்.

இந்தச் செக்கை ஆப் சர்வர்களின் நிலையோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆப் சர்வர்கள் மொத்தமாக விழுந்தால் இரண்டு லோடு பேலன்சரும் ஃபால்ட்டுக்குப் போய்விடும், விஐபி எங்குமே இருக்காது. பயனருக்கு 503 (சேவை இப்போது இல்லை) என்ற பிழைப் பக்கம்கூடக் கிடைக்காது.

கேள்வி: இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் விஐபி இருக்கிறது. ஃபயர்வாலில் போர்ட் எல்லாம் திறந்துதான் இருக்கிறது.

பதில்: விஆர்ஆர்பிக்குப் போர்ட்டே கிடையாது. அது டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. ஐபி புரோட்டோகால் எண் 112, போகும் இடம் 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே மொத்தமாக அனுப்பும்) முகவரி. ஃபயர்வாலில் அந்தப் புரோட்டோகாலை அனுமதியுங்கள். பிறகு இரண்டு பெட்டியிலும் டிசிபிடம்ப்பில் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) புரோட்டோகால் 112-ஐ மட்டும் வடிகட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் இரண்டு திரையிலும் மாஸ்டரின் பாக்கெட் மட்டும் விநாடிக்கு ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றிலும் அதனதன் பாக்கெட் மட்டும் தெரிந்தால் நடுவில் எதுவோ தடுக்கிறது.

கிளவுடில் பெரும்பாலும் மல்டிகாஸ்ட் போகாது, யூனிகாஸ்ட் பியர் (மற்றப் பெட்டியின் ஐபியை நேராகக் குறிப்பிடுவது) எழுத வேண்டும். அது மட்டும் போதாது. ஐபியை இடம் மாற்ற, பெட்டி மாஸ்டர் ஆனதும் ஓடும் நோட்டிஃபை மாஸ்டர் ஸ்கிரிப்டிலிருந்து கிளவுடின் ஏபிஐயை அழைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, வர்ச்சுவல் ரௌட்டர் ஐடி, அதாவது ஒரு ஜோடியை அடையாளம் காட்டும் எண். மாதிரிக் கோப்பில் இருக்கும் 51-ஐ எல்லோரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரே நெட்வொர்க்கில் வேறொரு ஜோடியும் 51-இல் இருந்தால் இரண்டு ஜோடியும் மோதும். 1 முதல் 255 வரை இடமிருக்கிறது.

கேள்வி: பேக்கப்பில் எச்ஏபிராக்ஸி ஸ்டார்ட்டே ஆகவில்லை. விஐபியில் பைண்ட் செய்ய முடியவில்லை என்கிறது.

பதில்: அந்த ஐபி அந்த நேரத்தில் அங்கே இல்லையே. சிஸ்கன்ட்ரோலில் (லினக்ஸ் கர்னல் அமைப்புகளை மாற்றும் இடம்) ஐபி நான்லோக்கல் பைண்டை 1 ஆக்குங்கள், பெட்டியில் இல்லாத ஐபியிலும் பைண்ட் செய்ய அது அனுமதிக்கும். ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்படி கோப்பில் எழுதுங்கள்.

கேள்வி: அண்ணா, விஐபி உடனே நகர்ந்துவிடுகிறது. ஆனாலும் சில கிளையன்ட்கள் பல நிமிடம் தொங்குகின்றன. ஏன்?

பதில்: விஐபிதான் நகர்ந்தது, ஏற்கெனவே இருந்த டிசிபி இணைப்புகள் நகரவில்லை. புதிய பெட்டிக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. பழைய இணைப்பின் பாக்கெட் வந்தால் அது ரீசெட் (இணைப்பு முடிந்தது என்ற பாக்கெட்) அனுப்பும், கிளையன்ட் உடனே புதிதாக இணைந்துகொள்ளும். தொங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, உங்கள் ஃபயர்வால் அந்தப் பாக்கெட்டைச் செல்லாதது என்று சத்தமில்லாமல் தூக்கிப் போடுகிறது, அதனால் ரீசெட்டே போவதில்லை. இரண்டு, கிளையன்ட் எதையும் அனுப்பாமல் பதிலுக்குக் காத்திருக்கிறது. அதற்கு ரீட் டைம்அவுட் இல்லையென்றால் டிசிபி கீப்அலைவ்தான் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை, கீப்அலைவ்டி வேறு) கதி. அதுவும் இயக்கப்பட்டிருந்தால்தான், லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம்!

எச்ஏபிராக்ஸியின் ஸ்டிக் டேபிளை (பயனர்-சர்வர் ஒதுக்கீட்டு அட்டவணை) பியர்ஸ் மூலம் இரண்டு பெட்டிக்கும் ஒத்திசைத்தால் எந்தப் பயனர் எந்தச் சர்வருக்கு என்ற விவரம் தப்பும். இணைப்பு தப்பாது.

கேள்வி: ஆப் சர்வரின் ஹெல்த் செக்கில் டேட்டாபேஸையும் சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். டேட்டாபேஸ் சற்றுத் தடுமாறினாலும் எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் டவுன் ஆகிவிடும். எச்ஏபிராக்ஸியின் இயல்பான இன்டர் (சோதனை இடைவெளி) 2 விநாடி, ஃபால் 3 பெரும்பாலும் போதும்.

கேள்வி: ஃபெயில்ஓவரை எப்படிச் சோதிப்பது? கீப்அலைவ்டியை நிறுத்திப் பார்த்தேன், உடனே மாறியது.

பதில்: முறையாக நிறுத்தினால் அதே பிரயாரிட்டி 0 பாக்கெட் போகிறது, அதனால்தான் அவ்வளவு வேகம். மின்சாரத்தைப் பிடுங்கிப் பாருங்கள். விளம்பர இடைவெளி 1 விநாடி, பேக்கப் பிரயாரிட்டி 100 என்றால் மூன்று இடைவெளியும் அதற்கு மேல் 156/256 விநாடியும் (156 என்பது 256-இல் பிரயாரிட்டி 100 போக மீதி) சேர்ந்து சுமார் 3.6 விநாடி ஆகும். ஸ்டாப் சிக்னல், நெட்வொர்க் கேபிள் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சோதனை முழுக்க வெளியிலிருந்து கர்ல் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

அதற்கு முன் பேக்கப்பின் சொந்த ஐபிக்கே, டொமைன் பெயரைக் கொடுத்து ஒரு கோரிக்கை அனுப்பிப் பாருங்கள். டிஎல்எஸ் சான்றிதழை மாஸ்டரில் மட்டும் புதுப்பித்துவிட்டு, பேக்கப்பில் காலாவதியானதை அப்படியே விட்டிருக்கும் ஜோடிகள் நிறைய.